கல்லூரிக்கு ஒரு மடிக்கணினி: எப்போது, எது, எந்தப் பணத்தில்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாவது முதல் கல்லூரி திறக்கும் வரையிலான இரண்டு, மூன்று மாதங்கள் நடுத்தரக் குடும்பங்களுக்குச் செலவுகளின் பருவம். விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பணம் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்த வரிசையில் இப்போது நிலையான இடம் பிடித்துவிட்டது மடிக்கணினி. கல்விக் கடன் குறித்து விசாரிக்க வங்கிக் கிளைக்கு வரும் பெற்றோரில் பலர், கட்டணத்தைப் பற்றிப் பேசி முடித்த கையோடு, "மடிக்கணினிக்கும் சேர்த்துக் கடன் கிடைக்குமா? எது நல்லது? இப்போதே வாங்கிவிடலாமா?" என்று கேட்கிறார்கள்.

இம்மூன்று கேள்விகளில் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் விடை தேடுவது "எது நல்லது?" என்பதற்கு. அடுத்து, பணத்துக்கு என்ன வழி என்று பார்க்கிறார்கள். "எப்போது?" என்ற கேள்வியைப் பெரும்பாலும் யாரும் எழுப்புவதில்லை; தேர்வு முடிவு வந்த மகிழ்ச்சியே அதைத் தீர்மானித்துவிடுகிறது. உண்மையில் காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மற்ற இரண்டு கேள்விகளும் எளிதாகிவிடும். கடன் தேவைப்படும் குடும்பங்களுக்கு இக்கட்டுரை சொல்ல விரும்புவது இதுதான்: மடிக்கணினிக்கான தொகைக்குக் கல்விக் கடனில் தொடக்கத்திலேயே இடம் கேளுங்கள், பொருளை வாங்குவதை மட்டும், தேவை தெளிவாகும்வரை தள்ளிவையுங்கள்.

எப்போது வாங்குவது?

மே மாதத்தில் மடிக்கணினி வாங்கும் மாணவருக்கு, ஆகஸ்டில் தாம் என்ன படித்துக்கொண்டிருப்போம் என்பது பல வேளைகளில் தெரியாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் இடங்களை நிரப்பும் ஜோசா கலந்தாய்வு பல சுற்றுகளாக நடைபெறுகிறது. ஒரு சுற்றில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு, அடுத்த சுற்றில் இன்னும் விரும்பும் பிரிவுக்கோ கல்லூரிக்கோ மாறும் வாய்ப்பும் அதில் உண்டு. மருத்துவக் கலந்தாய்வு இன்னும் நீண்டுகொண்டு போகும். கட்டட அமைப்பியல் படிக்கப்போவதாக எண்ணி வாங்கிய கருவி, கடைசியில் கணிதப் பட்டப்படிப்பு மாணவரின் மேசைக்குப் போய்ச் சேரலாம். அவருக்கு அதில் பாதி விலையுள்ள கருவியே போதுமானதாக இருந்திருக்கும்.

சேர்க்கை உறுதியான பிறகும் அவசரப்பட வேண்டியதில்லை. பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ. வகுத்துள்ளது. அதன்பின் வரும் முதலாண்டுப் பாடங்களில் கணிதம், இயற்பியல், வேதியியல், பணிமனைப் பயிற்சி ஆகியவையே மிகுதி. நிரல் எழுதும் தொடக்கநிலைப் பயிற்சிகளைக் கல்லூரியின் கணினி ஆய்வகத்திலேயே முடித்துவிட இயலும். கனமான மென்பொருள்கள் தேவைப்படும் பாடங்கள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில்தான் வருகின்றன.

இந்த முதல் சில வாரங்களில் மாணவர் மூன்று செய்திகளைத் திரட்டிக்கொள்ள வேண்டும். முதலாவது, எந்தப் பருவத்தில் எந்த மென்பொருள் தேவைப்படும் என்பது. இதைத் துறை ஆசிரியர்களிடமே கேட்கலாம். இரண்டாவது, கல்லூரி ஆய்வகம் மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருக்குமா என்பது. மூன்றாவது, இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எதைப் பயன்படுத்துகிறார்கள், அதில் அவர்களுக்குள்ள குறை என்ன என்பது. விற்பனையாளரின் அரை மணி நேர விளக்கத்தைவிட ஒரு மூன்றாமாண்டு மாணவரின் ஐந்து நிமிடப் பேச்சு கூடுதல் பயன் தரும்.

அரசு உதவியையும் விசாரித்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினிகளை வழங்கியது. பின்னர், 2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கும் அறிவிப்பு வெளியானது. உத்தரப் பிரதேச அரசும் மாணவர்களுக்குக் கைக்கணினிகளை வழங்கியிருக்கிறது. தாங்கள் வாழும் மாநிலத்தில் இத்தகைய திட்டம் நடைமுறையில் உள்ளதா, மகனோ மகளோ அதற்குத் தகுதி உடையவரா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேட்டறியுங்கள். "இலவச மடிக்கணினிக்குப் பதிவு செய்க" என்று கைபேசிக்கு வரும் இணைப்புகளை நம்பி வங்கி விவரங்களையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ தந்துவிடாதீர்கள். ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

தொடக்கத்திலேயே வாங்க வேண்டியவர்களும் உண்டு. சேர்க்கைக் கடிதத்திலேயே சொந்தக் கணினி கட்டாயம் என்று குறிப்பிடும் கல்லூரிகளில் சேர்வோர், வடிவமைப்புப் படிப்புகளைத் தேர்ந்தெடுத்தோர், முதல் வாரத்திலிருந்தே நாள்தோறும் நிரல் எழுதும் கணினி அறிவியல் மாணவர்கள், இணையவழியில் படிப்போர் ஆகியோருக்குக் காத்திருப்பதால் படிப்பே பாதிக்கப்படும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவர்கள் திரைவாசிப்பு மென்பொருளின் துணையோடு படிப்பதால், அவர்களுக்கும் முதல் நாளிலிருந்தே கணினி தேவை.

எதை வாங்குவது?

விளம்பரத்தில் இருபது சிறப்பம்சங்கள் அச்சிடப்பட்டிருக்கும். வாங்குபவர் பார்க்க வேண்டியவை ஐந்து.

முதலாவது, இயங்குதளம். இது படிப்பைப் பொறுத்தது. வணிகவியல் மாணவர்கள் பழகும் டாலி, இயந்திரவியல் மாணவர்களின் சாலிட்வொர்க்ஸ், கட்டடக்கலை மாணவர்களின் ரெவிட், புவியியல் மாணவர்களின் ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ ஆகியவை விண்டோஸ் இயங்குதளத்துக்காக உருவானவை. இப்படிப்புகளில் சேர்வோர் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக்கை வாங்கினால், பாடத்துக்காக வேறொரு கணினியைத் தேட வேண்டியிருக்கும். விண்டோஸ் 10 பதிப்புக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 முறையாக இயங்கக்கூடிய கருவியையே வாங்க வேண்டும்; பழைய கருவி வாங்குவோருக்கு இது மிக முக்கியம்.

இரண்டாவது, நினைவகம். கட்டுரை எழுதவும் விரிவுரை காணவும் கணக்குத்தாள் போடவும் 8 ஜிபி போதும். நிரலாக்கம், வரைகலை, தரவு ஆய்வு ஆகியவற்றுக்கு 16 ஜிபி வேண்டும். மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் கூட்ட முடியாது. கூட்டுவதற்கு இடமுள்ள கருவி என்றால், இன்று 8 ஜிபி-யுடன் வாங்கி, தேவை எழும்போது மேலும் 8 ஜிபி சேர்த்துக்கொள்ளலாம். இதைக் கடையில் வாய்மொழியாகக் கேட்பதோடு நில்லாமல், நிறுவனத்தின் விவரத்தாளிலும் சரிபாருங்கள்.

மூன்றாவது, சேமிப்பகம். எஸ்எஸ்டி வகையே வேண்டும். 512 ஜிபி பெரும்பாலான மாணவர்களுக்குப் போதுமானது. நான்காவது, செயலி. இன்டெல், ஏஎம்டி என எந்த நிறுவனமாயினும், இடைநிலை வரிசையில் அண்மைத் தலைமுறையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். பெயர் ஒன்றாகவே இருந்தாலும், ஆறாண்டுகளுக்கு முந்தைய ஐ5 செயலியும் இன்றைய ஐ5 செயலியும் ஒன்றல்ல. தனி வரைகலை அட்டை முப்பரிமாண வடிவமைப்பு, காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றுக்கு உதவும். வணிகவியல், கலை, சட்டம், மருத்துவம் படிப்போருக்கு அது எடையையும் விலையையும் மட்டுமே கூட்டும்.

ஐந்தாவது, எடையும் மின்கலமும். விடுதியிலிருந்து வகுப்புக்கு நாள்தோறும் சுமந்து செல்வதற்கு ஒன்றரைக் கிலோவை ஒட்டிய கருவி ஏற்றது. வகுப்பறையில் மின்இணைப்புக்கு இடம் தேடாமல் ஐந்தாறு மணி நேரம் இயங்கினால் நிறைவு.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். நான்காண்டுக்குப் பிறகு எழக்கூடிய தேவையை இன்றே விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்றாமாண்டில் கனமான மென்பொருள் வரும் என்றால், அதற்குரிய கருவியை இரண்டாமாண்டு இறுதியில் வாங்குவது இன்னும் பொருத்தம்.

விலைக்குள் மறைந்திருக்கும் மென்பொருள் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள். பல கல்லூரிகள் தம் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி வழங்குகின்றன. அதைக்கொண்டு மைக்ரோசாஃப்ட் அலுவலகச் செயலிகளின் கல்விப் பதிப்பை இலவசமாகப் பெறும் வாய்ப்பு உண்டு. ஆட்டோகேட் உள்ளிட்ட ஆட்டோடெஸ்க் மென்பொருள்களையும் மாணவர்கள் கல்வி உரிமத்தில் கட்டணமின்றிப் பயன்படுத்த முடியும். கல்லூரியில் சேர்ந்த பிறகு வாங்குவோர் இச்செலவைத் தவிர்த்துவிடுவர். கடைக்காரர் போட்டுத்தரும் திருட்டு மென்பொருளை ஏற்காதீர்கள். கடவுச்சொற்களைத் திருடும் நிரல்கள் அவ்வழியாகவே பல கணினிகளுக்குள் நுழைகின்றன.

புதியதா, பயன்படுத்தியதா?

பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடுகின்றன. அவை பழுதுநீக்கிப் புதுப்பிக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன. உறுதியான உடலமைப்பும் நல்ல விசைப்பலகையும் கொண்ட இவை, அதே விலைக்குக் கிடைக்கும் மலிவான புதிய கருவிகளைவிடப் பல வேளைகளில் மேலானவை. ஆனால் நான்கு செய்திகள் உறுதியாக வேண்டும்: விண்டோஸ் 11-க்குத் தகுதியான செயலி, மின்கலத்தின் இப்போதைய நிலை, குறைந்தது ஆறு மாத எழுத்துவழி உத்தரவாதம், வரிசை எண்ணுடன் கூடிய ஜிஎஸ்டி ரசீது. ரசீது இல்லாத கருவி திருட்டுப் பொருளாகவும் இருக்கக்கூடும். விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அதை விலக்கிவிடுங்கள்.

எந்தப் பணத்தில்?

பொதுத்துறை வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையெனில் நியாயமான விலையுள்ள கணினியும் கடனுக்குத் தகுதியான செலவாக ஏற்கப்பட்டுள்ளது. புத்தகம், கருவிகள், கணினி ஆகியவற்றுக்கு மொத்தக் கல்விக் கட்டணத்தில் குறிப்பிட்ட விகிதத்தைச் சில வங்கிகள் உச்சவரம்பாக வைத்துள்ளன. கடன் தொகை மொத்தமாகக் கைக்கு வருவதில்லை; ஒவ்வொரு பருவத்திலும் தேவைக்கேற்பக் கல்லூரிக்கும் விற்பனையாளருக்கும் நேரடியாக வழங்கப்படுகிறது.

இந்த நடைமுறையை வாடிக்கையாளர்கள் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் மடிக்கணினியைச் சேர்த்துவிடுங்கள். அது ஒப்புதல் கடிதத்தில் இடம்பெற்றுள்ளதா என்று பாருங்கள். தொகையை இரண்டாம் பருவத்திலோ இரண்டாம் ஆண்டிலோ பெற்றுக்கொள்ள இயலுமா என்று கிளை அலுவலரிடம் கேளுங்கள். பட்டியலில் விட்டுவிட்டு ஓராண்டு கழித்து வந்து கேட்டால், ஒப்புதலை மறுபடி திருத்த வேண்டியிருக்கும்.

காத்திருப்பதால் வட்டியும் குறையும். மடிக்கணினியின் விலை 60,000 ரூபாய் என்றும் கல்விக் கடன் வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டுச் சலுகைக் காலத்திலும் தனிவட்டி கணக்கிடப்படுகிறது. நான்காண்டுப் படிப்பின் முதல் நாளிலேயே வாங்கினால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வீதம் ஐந்து ஆண்டுகளில் 30,000 ரூபாய் வட்டி சேர்ந்துவிடும். திருப்பிச் செலுத்தத் தொடங்கும் நாளில் கடன் 90,000 ரூபாயாக நிற்கும். ஓராண்டு கழித்து வாங்கினால் 6,000 ரூபாய் மிச்சம். எப்போது வாங்கினாலும், படிக்கும் காலத்திலேயே மாதம் 500 ரூபாயை வட்டிக்கணக்கில் செலுத்திவந்தால் கடன் 60,000 ரூபாய்க்கு மேல் ஏறாது. இவ்வாறு செலுத்துவோருக்கு வங்கிகள் 1 சதவீத வட்டிச் சலுகை வழங்கவும் மாதிரித் திட்டம் இடமளிக்கிறது.

இப்போது மற்றொரு வழியை ஒப்பிடுவோம். அதே 60,000 ரூபாயை 15 சதவீத வட்டியில் 12 மாதத் தவணைக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 5,415 ரூபாய்; மொத்த வட்டி ஏறத்தாழ 5,000 ரூபாய். வட்டி விகிதம் கூடுதலாக இருந்தும் மொத்தச் செலவு குறைவு. கடன் விரைவில் தீர்ந்துவிடுவதே காரணம். ஆகவே மாதம் 5,415 ரூபாயைச் சிரமமின்றி ஒதுக்கக்கூடிய குடும்பத்துக்குக் குறுகிய காலத் தவணையே சிக்கனம். கட்டணத்துக்கும் விடுதிக்குமே வருமானம் போதாத குடும்பத்துக்குக் கல்விக் கடனே பாதுகாப்பு. குறைந்த வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும், குறைந்த மொத்த வட்டியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் சரியாகா. மாதச் சம்பளத்தில் உண்மையாகவே எவ்வளவு மீதமாகிறது என்பதே இங்கு அளவுகோல்.

ஏனெனில் தவணை தவறினால் பாதிப்பு மடிக்கணினியோடு நிற்பதில்லை. கல்விக் கடனில் தந்தையோ தாயோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகிறார். அவர் பெயரில் உள்ள சிறு தவணைக் கடன் நிலுவையானால், அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறும். அடுத்த ஆண்டு தங்கைக்கோ தம்பிக்கோ கல்விக் கடன் கேட்டு வரும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும்.

"வட்டியில்லாத் தவணை" என்ற அறிவிப்பையும் நிதானமாக அணுக வேண்டும். முழு விலைக்கும் வட்டியே இல்லாத திட்டம் என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளரோ தயாரிப்பாளரோ தள்ளுபடியாக ஏற்றுக்கொள்கிறார். அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி நமக்கு மறுக்கப்படுகிறது. கடன் அட்டைத் தவணையில், வட்டிப் பகுதியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் தனியே சேரும். கடையில் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இன்றே முழுப் பணமும் செலுத்தினால் என்ன விலை? தவணையில் எல்லாக் கட்டணங்களும் சேர்த்து மொத்தம் எவ்வளவு? இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, எப்பெயரில் அழைத்தாலும், தாங்கள் தரும் வட்டி. கடை வாயிலாகப் பெறும் நுகர்வோர் கடனாயின் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கு அது கட்டாயம். எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டுச் சதவீதம் அதில் இருக்கும். கடன் அட்டைத் தவணைகளுக்கு இவ்விதி பொருந்தாது என்பதால் அங்குக் கூடுதல் கவனம் தேவை.

பிள்ளைகள் இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இவை அனைத்தையும்விட எளிய வழி ஒன்றுண்டு. பதினோராம் வகுப்புத் தொடங்கும் மாதத்தில் 2,000 ரூபாய்க்கு 24 மாதத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். 6.5 சதவீத வட்டி எனக் கொண்டால், முதிர்வில் ஏறத்தாழ 51,000 ரூபாய் கையில் இருக்கும். கல்லூரி திறக்கும் வேளையில் கடனின்றி வாங்கிவிடலாம்.

வாங்கும் நாளில்

மாணவரின் பெயரிலோ இணைக் கடனாளியின் பெயரிலோ வரிசை எண் குறித்த ரசீதைப் பெறுங்கள். கல்விக் கடனில் வாங்கினால் அதன் நகலை வங்கியில் ஒப்படைக்க வேண்டும். கல்லூரி அமைந்துள்ள ஊரில் அந்நிறுவனத்தின் சேவை மையம் உள்ளதா என்று முன்கூட்டியே பாருங்கள். சென்னையில் வாங்கிய கருவி வாரங்கல் விடுதியில் பழுதானால் யார் வந்து பார்ப்பார் என்பது, விலையில் கிடைக்கும் ஆயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிட முக்கியமானது. இருப்பிடத்துக்கே வந்து பழுது நீக்கும் உத்தரவாதமும், கீழே விழுதல், நீர் சிந்துதல் ஆகியவற்றுக்கான பாதுகாப்பும் விடுதி மாணவர்களுக்கு உதவும். நீட்டித்த உத்தரவாதத்தைப் பின்னர் வாங்கிக்கொள்ள அவகாசம் உண்டா என்றும் கேட்டு வையுங்கள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்தக் கணக்கைப் பெற்றோர் மட்டும் தனியே உட்கார்ந்து போடாமல், கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையையும் உடன் அமர்த்திக்கொண்டு போடுவது நல்லது. வீட்டின் மாத வருமானம், நான்காண்டுக் கட்டணம், கடன் எவ்வளவு, அதைத் திருப்பிச் செலுத்தப் போகிறவர் யார் என்பதை ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். உடன் படிப்போர் விலையுயர்ந்த கருவியுடன் வருவதைக் காணும்போது எழும் தயக்கம் இயல்பானது. அதைக் கடிந்துகொள்ளத் தேவையில்லை. கல்விக் கடனைப் பின்னாளில் அடைக்கப்போவது அவருடைய சம்பளமே என்பதால், எதை, எப்போது வாங்குவது என்ற முடிவில் அவருக்கும் பங்கு உண்டு. கணக்கு முழுவதையும் அறிந்த பிள்ளைகளில் பலர், பெற்றோர் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலையுள்ள கருவியைத் தாமாகவே தேர்ந்தெடுப்பதைக் கிளையில் நாங்கள் கண்டிருக்கிறோம்.